இயேசு யூதா கோத்திரத்தார் என்றால் பிரதான ஆசாரியர் ஆனது எப்படி?

கேள்வி: நிருபவாசகன்

எபிரெயர் நிருபம் 7 முதல் 10 வரை வேதபாட வகுப்புக்குத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். நாலு இடத்தில் முட்டி நிற்கிறது.

ஆசாரியர் ஆக வேண்டுமென்றால் லேவி கோத்திரத்தில், அதிலும் ஆரோனின் வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும். இயேசுவோ யூதா. 7:14-இல் நிருப ஆசிரியரே அதை ஒத்துக்கொண்டு, உடனே ஆபிரகாம் காலத்து ஆசாரியனான மெல்கிசேதேக்கைக் கொண்டுவருகிறார். இது மெய்யான பதிலா, சிக்கலைச் சுற்றிக்கொண்டு போவதா?

இரண்டாவது, பலியிடுகிறவர்தானே ஆசாரியர்? சிலுவையில் கொன்றவர்கள் ரோமப் போர்ச்சேவகர். அப்படியானால் இயேசு பலி மட்டும்தானே? பலியும் அவரே ஆசாரியரும் அவரே என்பதை எப்படி விளக்குவது?

மூன்றாவது, எல்லாம் ஒரேதரம் முடிந்துவிட்டது என்றால் இப்போது பரலோகத்தில் வேண்டுதல் எதற்கு?

நான்காவது, அவர் ஒருவரே ஆசாரியர் என்றால் சபையில் குருக்கள் எதற்கு? சண்டைக்காகக் கேட்கவில்லை. வகுப்பில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், புராட்டஸ்டண்ட் சபையாரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தரப்பும் தன் நிலையைத் தானே எப்படிச் சொல்லுமோ அப்படியே சொல்ல வேண்டும்.


பதில் 1: பத்துமுழக்கூடாரம்

பிரதர், முதல் கேள்விக்கு நேரம் கொடுங்கள். மற்றவை அதிலிருந்தே இறங்கிவரும்.

சிக்கல் சின்னதல்ல. அந்நியன் ஒருவன் ஆசாரிய ஊழியத்தில் கைவைத்தால் கொலைசெய்யப்பட வேண்டும் என்கிறது எண்ணாகமம் 18:7. யூதாவின் ராஜாவாகிய உசியா தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தபோது, ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடு 80 ஆசாரியரும் எதிர்த்து நின்றார்கள். நெற்றியில் குஷ்டம் தோன்றி, சாகும்வரை அவன் தனித்த வீட்டில் இருந்தான் (2 நாளாகமம் 26). தாவீதின் சிங்காசனத்தில் இருந்தவனுக்கே தூபபீடத்தருகில் இடமில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் சில ஆசாரியக் குடும்பங்கள் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடிக் காணாமல் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டன (எஸ்றா 2:62). ஆக, லேவிய முறையில் அட்டவணைதான் தகுதிச்சீட்டு.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு 7:3-ஐ வாசியுங்கள். மெல்கிசேதேக்குக்குத் தகப்பனும் தாயும் வம்சவரலாறும் இல்லை என்பதற்கு, அவன் பிறவாமல் வந்தவன் என்று அர்த்தம் எடுக்கத் தேவையில்லை. ஆள் ஆளாக வம்சவரலாறு எழுதும் ஆதியாகமம் இவனுக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமலே 'உன்னதமான தேவனுடைய ஆசாரியன்' என்கிறது (14:18). ஆபிரகாம் அவனுக்குத் தசமபாகம் கொடுக்கிறான், அவனிடம் ஆசீர்வாதம் வாங்குகிறான். லேவி அப்போது பிறக்கவே இல்லை. அட்டவணையைச் சாராத ஓர் ஆசாரியத்துவம் மோசேயின் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுதான் நிருப ஆசிரியர் பிடிக்கும் இடம்.

இது மட்டும் போதாது. "நானும் அப்படித்தான்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே. ஆகவே அவர் சங்கீதம் 110-க்குப் போகிறார். அந்தச் சங்கீதத்துக்கு ஏழே வசனம். முதல் வசனம் 'என் வலதுபாரிசத்தில் உட்காரும்' என்பது. இயேசுவே ஆலயத்தில் போதிக்கையில் கிறிஸ்துவைக்குறித்து அதை எடுத்தார் (மாற்கு 12:36), பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவும் எடுத்தார். நான்காம் வசனத்தில் அதே ஆளைப் பார்த்துத்தான் 'மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியர்' என்று கர்த்தர் ஆணையிடுகிறார். சங்கீதத்தின் நடுவில் ஆள் மாறவில்லை. முதல் வசனம் மேசியாவுக்கு என்றால் நான்காவதும் அவருக்குத்தான். புதிய ஏற்பாட்டில் அந்த நான்காம் வசனத்தை மேற்கோள் காட்டுவது எபிரெயர் நிருபம் ஒன்றே. இயேசுவை ஆசாரியர் என்ற பெயரால் அழைப்பதும் அது ஒன்றே. சுவிசேஷங்களில் அப்படி ஓரிடத்திலும் இல்லை.

இன்னும் ஒன்று. சங்கீதம் நியாயப்பிரமாணத்துக்குப் பிறகு வந்தது. லேவிய முறை இயங்கிக்கொண்டிருக்கும்போதே தேவன் வேறொரு முறைமையில் ஒரு ஆசாரியரை அறிவித்தார் என்றால், இருப்பது முடிவானதல்ல என்றுதானே பொருள் (7:11, 7:28)? ஆரோனின் மக்கள் ஆணையில்லாமல் ஆசாரியரானார்கள், இவர் ஆணையோடே (7:20-21). அவர்கள் சாகச் சாக ஆள் மாறியது. ஆரோன் முதல் ஆலயம் அழிந்த கி.பி. 70 வரை 83 பிரதான ஆசாரியர் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் கணக்குச் சொல்கிறார். இவருக்குப் பின் யாரும் வர வேண்டியதில்லை (7:23-24). ஆகவே இது சுற்றிப்போவதல்ல, வேதவாக்கியத்தின்மேல் ஒழுங்காகக் கட்டிய வாதம்.

வகுப்பில் கரும்பலகையில் எழுத வேண்டிய வரி இதுதான்: இயேசுவின் முறைமை மெல்கிசேதேக்கினுடையது, அவர் செய்த வேலையின் மாதிரி ஆரோனுடையது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் 9-ஆம் அதிகாரம் திறக்காது. மெல்கிசேதேக்கு பலியிட்டதாக ஆதியாகமத்தில் இல்லை. பலி, இரத்தம், திரை, பிரவேசம் எல்லாம் லேவியராகமம் 16-இலிருந்து வருகிறது.

அதுதான் உங்கள் இரண்டாம் கேள்விக்கும் வாசல். 'பலியிடுகிறவர்தான் ஆசாரியர்' என்பதைத் திருத்த வேண்டும். லேவியராகமம் 1-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். மாட்டின் தலையில் கைவைக்கிறவனும் அதைக் கொல்லுகிறவனும் கொண்டுவந்த சாதாரண மனிதன்தான். இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தின்மேல் சுற்றிலும் தெளிப்பதில்தான் ஆசாரியனுடைய வேலை ஆரம்பிக்கிறது (1:4-5, பாவநிவாரண பலிக்கு 4:29-30). பறவை கொண்டுவந்தால் மட்டும் ஆசாரியனே அதன் தலையைக் கிள்ளுவான். கொல்வது வாசலில் நடக்கிற வேலை, இரத்தத்தோடு தேவசமுகத்தில் சேருவதுதான் ஆசாரிய வேலை. ஆகவே 'கொன்றது யார்' என்ற கேள்வியால் இயேசுவின் ஆசாரியத்துவம் ஆட்டம் காணாது. நிருப ஆசிரியரும் போர்ச்சேவகரைப் பற்றிப் பேசுவதே இல்லை. தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார் என்றுதான் சொல்கிறார் (9:14).

பாவநிவாரண நாளில் மட்டும், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியனே கொல்லுகிறான். அன்றைய வரிசையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குளித்து, சணல்நூல் சட்டை, ஜல்லடம், இடைக்கச்சை, பாகை ஆகிய நாலை மட்டும் அணிகிறான். தனக்காகக் காளையைக் கொல்லுகிறான். பலிபீடத்து நெருப்புத்தணலைத் தூபகலசம் நிறைய எடுத்து, பொடியாக்கின தூபவர்க்கம் இரண்டு கைப்பிடி எடுத்து, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு உள்ளே போகிறான். புகை கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை, மூடாவிட்டால் அவன் சாவான். பிறகு காளையின் இரத்தத்தை விரலால் கிருபாசனத்தின்மேல் கிழக்கு முகமாக ஒருமுறை, அதன் முன்பாக ஏழுமுறை தெளிக்கிறான். ஜனத்துக்கான வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்துக்கும் அதே கணக்கு. அவ்வளவு நேரமும் கூடாரத்தில் வேறொருவரும் இருக்கக்கூடாது (16:17).

இரண்டாம் ஆலயத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்று யூதருடைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் யோமா என்ற பகுதி சொல்கிறது. பிரதான ஆசாரியன் தூபத்தோடு உள்ளே போய்வரும்வரை காளையின் இரத்தம் உறைந்துவிடாதபடி ஒருவர் அதைக் கலக்கிக்கொண்டே நிற்பார். தெளிக்கும்போது 'ஒன்று, ஒன்றும் ஒன்றும், ஒன்றும் இரண்டும்' என்று ஒன்றும் ஏழும் வரை எண்ணுவார்கள், கணக்குத் தவறக்கூடாதல்லவா. உடன்படிக்கைப் பெட்டி அப்போது இல்லை. மூன்று விரல் உயரமுள்ள ஒரு கல்லின்மேல்தான் தூபகலசம் வைக்கப்பட்டது.

இந்த வரிசையை முன்னால் வைத்துக்கொண்டு 9-ஆம் அதிகாரத்தை வாசித்தால் நிருப ஆசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று கண்ணுக்குத் தெரியும். தனக்காகக் காளை என்ற படி இயேசுவுக்கு இல்லை, அவர் பாவமில்லாதவர் (7:27). பலிமிருகத்தின் உடல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்படுவதை, நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதோடு சேர்க்கிறார் (13:11-12). ஜனத்தின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்பிவிடும் போக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பிரசங்கங்களில் போக்காடுதான் முதலில் வரும், ஆனால் அது எபிரெயரில் இல்லை. 9:28-இல் அநேகருடைய பாவங்களைச் சுமப்பது ஏசாயா 53-இன் மொழி.


பதில் 2: மூலவாசிப்பு

மேலே உள்ள பதிலோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மூன்றாம் கேள்விக்கு வருமுன் ஒரு தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: பலி செலுத்தப்பட்டது சிலுவையிலா, பரலோகத்திலா? 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இறையியலாளர் ஃபாஸ்டஸ் சோசினுஸ், கிறிஸ்துவின் ஆசாரிய ஊழியம் பரலோகத்தில்தான் நிறைவேறுகிறது என்றார். சீர்திருத்த சபையார் அதைக் கடுமையாக மறுத்து, சிலுவையே பலி என்றார்கள். இன்றும் ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பரலோகப் பக்கத்துக்கு 8:4, 9:24 சாதகம். சிலுவைப் பக்கத்துக்கு 9:26, 10:10, 13:12 சாதகம். ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அடிப்பதுதான் வகுப்புகளில் நடக்கிற தவறு. லேவியராகமம் 16-இல் வாசலில் கொல்வதும் திரைக்குள் நுழைவதும் ஒரே சடங்கின் இரண்டு பகுதிகள், ஒன்றில்லாமல் மற்றது நிறைவுபெறாது. நிருப ஆசிரியரும் மரணத்தையும் பிரவேசத்தையும் அப்படித்தான் ஒரே ஓட்டமாகப் பார்க்கிறார் என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை. 10:12-இல் கிரேக்கம் 'செலுத்திவிட்டு உட்கார்ந்தார்' என்ற அமைப்பில் இருக்கிறது. செலுத்துவது உட்காருவதற்கு முன் முடிந்த செயல். அதற்கு முந்தின வசனத்தில் மற்ற ஆசாரியர் நாடோறும் நிற்கிறார்கள். ஆசரிப்புக்கூடாரத்தில் என்னென்ன இருந்தன? சமுகத்தப்ப மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், உள்ளே பெட்டி. வெளியே பலிபீடம், தண்ணீர்த்தொட்டி. ஆசாரியன் உட்கார ஒரு இருக்கையும் யாத்திராகமத்தில் சொல்லப்படவில்லை. வேலை முடிவதே இல்லை என்பதால் நிற்கிறார்கள், முடிந்துவிட்டது என்பதால் இவர் உட்கார்ந்தார்.

9:12-லும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரதான ஆசாரியன் இரத்தத்தோடே நுழைகிறான் என்று 9:7-லும் 9:25-லும் சொல்லும் ஆசிரியர், இயேசுவைச் சொல்லும்போது 'மூலமாக' என்று பொருள்படும் 'தியா' என்ற கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். தமிழ் வேதாகமத்தில் 'இரத்தத்தினாலும்' என்று சரியாக வந்திருக்கிறது. இரத்தத்தைப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு பரலோகம் போனார் என்று படம் வரைகிறவர்கள் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை. 'ஒரேதரம்' என்பது 'எஃபாபாக்ஸ்' என்ற சொல். 7:27, 9:12, 10:10 மூன்றிலும் அதுதான். திரும்பச் செய்யத் தேவையில்லாதபடி ஒருமுறை என்ற அழுத்தம் அதில் இருக்கிறது.

இப்போது வேண்டுதல். 7:25-இல் 'வேண்டுதல்செய்யும்படிக்கு' என்பது தொடர்ந்து நடப்பதைக் காட்டும் வினைவடிவம். பலி முடிந்தது, வேண்டுதல் தொடர்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. இங்கே வருகிற பெரிய கோளாறு, கோபமாக இருக்கிற பிதாவை இயேசு கெஞ்சிச் சமாதானப்படுத்துகிறார் என்ற சித்திரம். ரோமர் 8:32-34-ஐ வரிசையாக வாசியுங்கள். குமாரனை ஒப்புக்கொடுத்தவர் பிதா, நீதிமான்களாக்குகிறவர் தேவன், அதற்குப் பிறகுதான் வலதுபாரிசத்தில் வேண்டுதல்செய்கிற கிறிஸ்து. பிதாவின் மனதை மாற்றுகிற வேலையே அங்கே இல்லை.

இதற்குச் சரியான படம் யாத்திராகமம் 28-இல் இருக்கிறது. பிரதான ஆசாரியனின் மேலாடையான ஏபோத்தின் தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர். மார்ப்பதக்கத்தில் நாலு வரிசையாக 12 கற்கள், கல்லுக்கு ஒரு பெயர். ஆரோன் உள்ளே போகும்போது அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் ஞாபகக்குறியாகச் சுமந்துபோக வேண்டும் (28:29). அவன் வாய் திறப்பதாக அங்கே சொல்லவில்லை. பெயர்களோடு தேவசமுகத்தில் நிற்பதே ஜனத்துக்காகப் பரிந்து நிற்பது. 9:24-இல் 'நமக்காகத் தேவனுடைய சமுகத்தில் பிரத்தியட்சமாகும்படி' என்பதும் அதைத்தான் சொல்கிறது.


பதில் 3: திருப்பலிநூல்

நான்காம் கேள்விக்குக் கத்தோலிக்கர் தரப்பைச் சொல்கிறேன். சொற்களிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. நீங்கள் பிரதான ஆசாரியர் என்பதை எங்கள் திருவிவிலியம் தலைமைக் குரு என்கிறது. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு தமிழ் வழக்கு. இதை வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் இதிலேயே போய்விடும்.

குருக்கள் கிறிஸ்துவுக்குப் பின்வந்தவர்கள் என்று திருச்சபை கற்பிப்பதில்லை. ஆரோனுக்குப் பின் அவன் மகன் எலெயாசர் வந்ததுபோல் இது அல்ல. குரு ஒருவரே, அவர் கிறிஸ்து. குருவாகத் திருப்பொழிவு பெற்றவர்கள் அந்த ஒரே குருத்துவத்தில் பங்குபெற்று அவருடைய ஆளுமையில் செயல்படுகிறார்கள். திருப்பலி சிலுவைப்பலிக்கு அடுத்த பலி என்பதும் தவறான புரிதல். திரெந்து பொதுச்சங்கம் 1562-இல் தன் 22-ஆம் அமர்வில் சொன்னது: பலிப்பொருள் ஒன்றே, ஒப்புக்கொடுப்பவரும் ஒருவரே, ஒப்புக்கொடுக்கும் விதம் மட்டுமே வேறு, அங்கே இரத்தம் சிந்தி, இங்கே இரத்தம் சிந்தாமல். ஆகவே 'ஒரே முறை' என்பதை நாங்கள் மறுப்பதில்லை. அந்த ஒன்று இங்கே நம்முன் நிகழ்நிலையாகிறது என்கிறோம்.

எல்லா நம்பிக்கையாளருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு (1 பேதுரு 2:9). இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய 1964-ஆம் ஆண்டின் கோட்பாட்டு விளக்கத்தில், 10-ஆம் எண்ணில், பொதுக் குருத்துவமும் பணிக்குருத்துவமும் அளவில் மட்டுமல்ல, இயல்பிலேயே வேறுபடுகின்றன, ஆனாலும் ஒன்றோடொன்று உறவுடையவை என்கிறது.

மெல்கிசேதேக்கு கொண்டுவந்த அப்பமும் திராட்சை இரசமும் எங்களுக்குப் பெரிய அடையாளம். 3-ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் அதை நற்கருணையோடு இணைத்தார். முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் மெல்கிசேதேக்கின் பெயர் வருகிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், எபிரேயர் திருமுகம் அப்பத்தையும் இரசத்தையும் பற்றி ஒன்றும் பேசவில்லை. இது திருச்சபை மரபின் வாசிப்பு என்று சொல்லிக் கற்பித்தால் யாரும் தடுமாற மாட்டார்கள்.


பதில் 4: மூலவாசிப்பு

நன்றி, தெளிவாக இருக்கிறது. மறுபக்கம், அதாவது புராட்டஸ்டண்ட் நிலை, சுருக்கமாக: புதிய ஏற்பாட்டில் சபை ஊழியருக்கு வரும் சொல் மூப்பர், கண்காணி. ஆசாரியர் என்ற சொல் யூத ஆசாரியருக்கும் கிறிஸ்துவுக்கும், வெளிப்படுத்தல் 1:6 போன்ற இடங்களில் விசுவாசிகள் எல்லாருக்கும் வருகிறது. ஒரு தனி ஊழியப் பிரிவுக்கு வருவதில்லை. லூத்தர் 1520-இல் எழுதியவற்றில் இதைத்தான் அழுத்தினார். ஆயரைப் பிரதான ஆசாரியர் என்று அழைக்கும் வழக்கம் கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுத்தில் தெரிகிறது. புராட்டஸ்டண்ட் சபையார் அதைப் பிற்கால வளர்ச்சி என்பார்கள், கத்தோலிக்கர் அப்போஸ்தலர் விதைத்தது முளைத்தது என்பார்கள். கருத்து வேறுபாடு உண்மையில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர்' என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.


பதில் 5: ஏழாம்மாதம்

பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு கதையைத் தயவுசெய்து வகுப்புக்குள் விட்டுவிடாதீர்கள். பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டியிருப்பார்கள், உள்ளே செத்துப்போனால் இழுத்தெடுக்க. மணிச்சத்தம் நின்றால் செத்தான் என்று தெரியும் என்பார்கள். கயிறு வேதாகமத்தில் இல்லை, மிஷ்னாவில் இல்லை, யோசேபஸிலும் இல்லை. இடைக்காலத்து யூத மறைஞான நூலான சோகாரில்தான் வருகிறது. மணிகள் நீல அங்கியின் ஓரத்தில் மாதளம்பழங்களோடு மாறிமாறித் தைத்தவை (யாத்திராகமம் 28:33-34). பாவநிவாரண நாளில் திரைக்குள் போகும்போது அவன் அந்த அங்கியை அணிவதே இல்லை, சணல்நூல் உடுப்பு மட்டும்தான் (லேவியராகமம் 16:4). உள்ளே மணி ஒலிக்க வழியே இல்லை.

அந்த உடைமாற்றமே தனியாகப் போதிக்கத் தக்கது. பொன்னும் இரத்தினமும் வைத்த மகிமையான உடையைக் கழற்றி, சாதாரண வெள்ளை உடையில் நிவிர்த்தி செய்துவிட்டு, பிறகு குளித்துத் தன் உடையை மறுபடியும் அணிந்து ஜனத்திடம் வெளியே வருகிறான் (16:23-24). எபிரெயர் 9:28-இல் 'இரண்டாந்தரம் தரிசனமாவார்' என்பதன் பின்னால் இந்த வெளியே வருதல் இருக்கிறது என்று பலர் வாசிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து தலைமைக் குரு சீமோன் வெளியே வந்தபோது ஜனம் கண்ட மகிழ்ச்சியை சீராக் 50 வருணிக்கிறது, அதையும் பாருங்கள்.


நிருபவாசகன்

எல்லாருக்கும் நன்றி. 'கொல்வது ஆசாரிய வேலை அல்ல' என்ற இடத்தில் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. இன்னும் இரண்டு: 9:4-இல் தூபகலசம் மகா பரிசுத்த ஸ்தலத்தில் இருப்பதாக வருகிறதே, தூபபீடம் திரைக்கு வெளியே அல்லவா? வகுப்பில் எதை எதற்குப்பின் வாசிப்பது?


பதில் 6: பத்துமுழக்கூடாரம்

9:4-இல் உள்ள கிரேக்கச் சொல் தூபகலசத்துக்கும் வரும், தூபபீடத்துக்கும் வரும். தமிழ் வேதாகமம் கலசம் என்று எடுத்திருக்கிறது. பீடம் என்று எடுத்தால், யாத்திராகமம் 30:6 அதைத் திரைக்கு முன்பாக வைக்கச் சொல்வதால் சிக்கல் எழுகிறது. பீடம் என்று கொள்பவர்கள் தரும் விளக்கம்: அந்தப் பீடம் இடத்தால் வெளியே இருந்தாலும் வேலையால் உள்ளே சேர்ந்தது, 1 இராஜாக்கள் 6:22-உம் அதைச் சந்நிதி ஸ்தானத்தோடு, அதாவது மகா பரிசுத்த ஸ்தலத்தோடு, சேர்த்துப் பேசுகிறது. நிருப ஆசிரியரே 9:5-இல் இவைகளை விவரமாய்ச் சொல்ல இப்பொழுது சமயமில்லை என்று கடந்துபோகிறார். நீங்களும் அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

வரிசை: முதல் நாள் ஆதியாகமம் 14:18-20, சங்கீதம் 110 முழுவதும், பிறகு எபிரெயர் 7. இரண்டாம் நாள் லேவியராகமம் 16-இன் 34 வசனத்தையும் உரக்க வாசியுங்கள். தரையில் கயிறு போட்டு 30-க்கு 10 என்ற அளவுகணக்கில் கூடாரத்தைக் குறித்து, கடைசிப் பத்தைத் திரையால் பிரியுங்கள். ஒவ்வொரு செயலும் எந்த இடத்தில் நடக்கிறது என்று ஆட்களே நின்று காட்டட்டும். பிறகு எபிரெயர் 9. மூன்றாம் நாள் 10:1-25, அதோடு 4:14-16. 5:1-10-ஐ முதல் நாளிலேயே சேர்த்துவிடாதீர்கள். அங்கே ஆசாரியனுக்குப் பணி, இரக்கம், அழைப்பு என்ற வரிசையில் தகுதி சொல்லி, கிறிஸ்துவுக்கு அதையே தலைகீழாக அழைப்பு, கண்ணீரோடு செய்த ஜெபம், பணி என்று திருப்பிச் சொல்கிறார். மற்ற மூன்றையும் படித்த பிறகு வாசித்தால்தான் அந்த அமைப்பு பிடிபடும்.